மணலில் எழுதிய போதகர்

அழைப்பு வந்த காலத்தில் பர்த்தலோமேயு சீகன்பால்கிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை. சாக்சனி நாட்டுப் புல்ஸ்னிட்சில் 1682இல் பிறந்து, சிறுவயதிலேயே தாய் தந்தையரை இழந்தவர். உடல் நலிவினால் ஹாலே பல்கலைக்கழகப் படிப்பைத் தொடர முடியாமல் விட்டவர். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் தம் ஆட்சிக்குட்பட்ட கடல்கடந்த இடங்களுக்கு ஊழியர்களைத் தேடியபோது, இவரும் நண்பர் ஹென்ரிக் புளுச்சோவும் இசைந்தார்கள். எங்கே போவது என்பதே அப்போது உறுதியாகவில்லை. மேற்கிந்தியத் தீவுகள் என்றார்கள். பிறகு கினியா என்றார்கள். கடைசியில் தரங்கம்பாடி என்றாயிற்று. இருவரும் 1706 ஜூலை 9 அன்று அங்கே வந்து சேர்ந்தார்கள்.

தேவ சித்தத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தவர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நம் சபைகளில் இந்தக் கப்பல் பயணத்தையே பெரிதாகச் சொல்கிறோம். சீகன்பால்கைப் படிக்கப் படிக்க, கரையிறங்கிய பின் அவர் செய்ததுதான் எனக்கு அரிதாகத் தெரிகிறது. போதிக்க வந்தவர் முதலில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். ஒரு தமிழ் வாத்தியாரையும் அவரிடம் படித்த சிறுவர்களையும் தம் வீட்டுக்கே வரவழைத்து, அவர்கள் மணலில் விரலால் எழுத எழுதத் தாமும் எழுதிப் பழகினார். பல்கலைக்கழகம் கண்டவருக்கு இது எளிதாக இருந்திருக்காது. அடுத்த சில ஆண்டுகளில் ஓலைச்சுவடிகளைத் திரட்டினார், புலவர்களை வைத்துப் படித்தார், ஆயிரக்கணக்கான சொற்களை அகராதியாகத் தொகுத்தார்.

1708இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கினார். அதே ஆண்டின் இறுதியில் டேனிஷ் ஆளுநர் ஹாசியஸ் அவரைக் கோட்டையில் அடைத்தார். நான்கு மாதம் சிறை. அரசரின் ஆணையோடு வந்தவரை அந்த அரசரின் அதிகாரியே பூட்டிவைத்தார் என்பதை நிதானித்து எண்ணிப்பார்க்க வேண்டும். வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். 1711இல் மொழிபெயர்ப்பை முடித்தார். லண்டனிலிருந்து வந்த அச்சு இயந்திரம் வழியில் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கித்தான் மீண்டது. தமிழ் எழுத்துகள் ஹாலேயில் வார்க்கப்பட்டு வந்தன. அவை பெரியவையாக இருந்து தாளை விழுங்கியதால் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சாகி வெளிவந்தது.

இன்னொரு சோதனையைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். தமிழரின் தெய்வங்களையும் வழிபாட்டையும் பற்றித் தாம் அறிந்தவற்றை 1713இல் ஒரு விரிவான நூலாக எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அவரை ஆதரித்துவந்த பேராசிரியர் பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். புறச்சமயத்தை ஒழிக்கவே ஊழியர்களை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கல்ல என்பது அவர் நிலை. அந்தக் கையெழுத்துப் படி 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. அன்றைய ஐரோப்பாவில் தமிழரின் சமயத்தை இவ்வளவு பொறுமையாகக் கேட்டு எழுதியவர்கள் மிகச் சிலரே. கடவுள் எந்த மக்களிடம் அனுப்பினாரோ அந்த மக்களைக் காது கொடுத்துக் கேட்பதும் ஊழியத்தின் பகுதி என்று அவர் கொண்டதை நான் பெரிதும் மதிக்கிறேன். இன்று மேடைப் பேச்சுக்குக் கொடுக்கும் இடத்தை நாம் கேட்பதற்குக் கொடுப்பதில்லை என்பது என் வருத்தம்.

கடைசி ஆண்டுகள் கசப்பானவை. அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718இல் பிரதிஷ்டையான காலத்திலேயே, கோபன்ஹேகனிலிருந்து அவருடைய ஊழிய முறையைக் கண்டித்துக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. 1719 பிப்ரவரி 23 அன்று, 36ஆம் வயதில் இறந்தார். பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு ரூத்தின் புத்தகத்தோடு நின்றிருந்தது. அதை அவருக்குப் பின் வந்த ஊழியர் பெஞ்சமின் சூல்ட்சே எடுத்து முடித்தார். சீகன்பால்கின் கடைசிக் காலத்தில் ஞானஸ்நானம் பெற்ற கடலூர்க்காரர் ஆரோன் 1733இல் தரங்கம்பாடி மிஷனின் முதல் தமிழ்க் குருவாக அபிஷேகம் பெற்றார்.