கோடு போட்டால் நடக்கும் கால்கள்



"வாக்கர் கையில் இருக்கும்போதே வாசற்படியில் ஏன் சார் அப்படியே நின்றுவிடுகிறீர்கள்?" என்று சிலர் கேட்டீர்கள். வரலாற்று வாத்தியார் அல்லவா, 1817-லிருந்துதான் பதில் தொடங்கும்.

அந்த ஆண்டு லண்டன் ஹாக்ஸ்டன் பகுதி மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், நடுக்குவாதம் பற்றிச் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். அதில் இருப்பது ஆறே நோயாளிகள். அவர்களில் சிலர் அவர் தெருவில் கண்டவர்கள். கை நடுக்கத்தோடு, உடல் முன்னே சாய்ந்து, நடை ஓட்டமாக மாறுவதையும் குறித்துவைத்தார். பின்னாளில் பாரிஸ் மருத்துவர் ஷார்கோ இந்நோய்க்கு அவர் பெயரையே சூட்டினார்.

காரணம் தெரிய 140 ஆண்டுகள் ஆயின. அதில் நம் நாட்டு மூலிகைக்கும் பங்குண்டு. சர்ப்பகந்தா வேரிலிருந்து பிரித்த ரிசர்பின் மருந்தை ஸ்வீடன் அறிஞர் அர்விட் கார்ல்சன் முயல்களுக்குக் கொடுத்தார். அவை அசையாமல் கிடந்தன. எல்-டோபா செலுத்தியதும் எழுந்து நடமாடின. இது 1957-ல் வெளியானது. 1960-ல் வியன்னாவில், இந்நோயாளிகளின் மூளையில் டோபமைன் குறைந்திருப்பது உறுதியானது. கார்ல்சனுக்கு 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மாத்திரை நடுக்கத்தையும் விறைப்பையும் குறைக்கும். ஆனால் கால் தரையில் ஒட்டிக்கொள்வதுபோல் உறைந்து நிற்பது அதற்கு முழுதாகக் கட்டுப்படுவதில்லை. வாசற்படி, குறுகிய இடம், திரும்பும் மூலை, யாராவது அவசரப்படுத்தும் நேரம் – இங்கேதான் கால் நிற்கும். காலில் வலு இல்லாமல் அல்ல. நினைக்காமலே நடக்கவைக்கும் மூளைப்பகுதி அந்தக் கணம் கைவிடுகிறது.

லண்டன் நரம்பியல் மருத்துவர் பர்டன் மார்ட்டின் 1967-ல் ஒரு நூலில் எழுதியது எனக்கு மிகவும் பிடித்தது. நகர முடியாத நோயாளிகளின் முன் தரையில் குறுக்குக் கோடுகள் போட்டால், அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்துவிடுகிறார்கள்! பழக்கத்தால் நடக்கும் பாதை அடைபட்டாலும், கண் பார்த்து மனம் வைத்து நடக்கும் பாதை திறந்தே இருக்கிறது. தாளமும் அப்படியே. பி.டி. வகுப்பில் "லெஃப்ட், ரைட்" சொன்னோமே, அது இன்று எனக்கு மருந்து.

வாக்கருக்கும் வரலாறு உண்டு. இளம்வயதில் போலியோவால் பாதிக்கப்பட்ட ஸ்வீடன் பெண்மணி ஐனா வீஃபால்க், 1978-ல் சக்கர வாக்கரை உருவாக்கினார். அருமையான கருவி. ஆனால் என் போன்றவர்களுக்கு ஓர் ஆபத்து: கால் உறைந்த கணத்தில் சக்கரம் ஓடிவிட்டால் முகம் குப்புற விழ வேண்டியதுதான். தூக்கி வைக்கும் வாக்கரோ அடிக்கு அடி நடையின் ஓட்டத்தை வெட்டுகிறது. அதனால்தான் பிடியை அழுத்தினால் மட்டுமே நகரும், விட்டால் தானே நிற்கும் வாக்கர்களும் வந்தன. எது பொருந்தும் என்பதை பிசியோதெரபிஸ்ட் நடக்கவைத்துப் பார்த்தே சொல்ல வேண்டும்.

நான் கடைப்பிடிப்பது இதுதான். கால் நின்றால் வாக்கரைத் தள்ளுவதில்லை. நின்று, மூச்சு விட்டு, உடல் பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றி, ஒன்று, இரண்டு எண்ணி, பெரிய அடியாக எடுத்து வைக்கிறேன். எங்கள் கூடத்திலும் வாசற்படி அருகிலும் வண்ண நாடா ஒட்டியிருக்கிறது. திரும்பும்போது சட்டென்று சுழலாமல் அரைவட்டமாக வருகிறேன்.

உங்களிடம் ஒரே வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர் இப்படி நின்றால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், "சீக்கிரம் வாங்க" என்று சொல்லாதீர்கள். அவருக்கு முன்னால் உங்கள் பாதத்தைக் குறுக்கே வைத்து, "இதைத் தாண்டி வாங்கப்பா" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் வருவார்.