குவாண்டனமேரா: ஒரு சவப்பெட்டியின் நெடும்பயணம்

குவாண்டனமோ என்றதும் பலருக்கு 2002ல் தொடங்கப்பட்ட அமெரிக்கச் சிறைதான் நினைவுக்கு வரும். ஆனால் கியூபாவின் கிழக்குக் கோடியில் அதே பெயரில் ஒரு சாதாரண ஊரும் இருக்கிறது. 1995ல் வந்த "குவாண்டனமேரா" என்ற நையாண்டிப் படம் அந்த ஊரில்தான் தொடங்குகிறது.

கதை இதுதான். யோயிதா என்ற புகழ்பெற்ற பாடகி பல வருடங்கள் கழித்து சொந்த ஊருக்கு வருகிறார். இளவயதுக் காதலன் காந்திதோவைச் சந்திக்கிறார், அவர் கைகளிலேயே இறந்தும் போகிறார். உடலை தீவின் மறுகோடியில் இருக்கும் ஹவானாவுக்குக் கொண்டு போக வேண்டும். பெட்ரோல் கிடையாது. யோயிதாவின் மருமகள் ஜீனாவின் கணவன் அதோல்போ ஈமச்சடங்குத் துறை அதிகாரி. அவர் ஒரு "அற்புதமான" திட்டம் போடுகிறார். ஒவ்வொரு மாகாண எல்லையிலும் சவப்பெட்டியை வேறு அமரர் ஊர்திக்கு மாற்ற வேண்டும், அந்தந்த மாகாணம் தன் பங்கு பெட்ரோலைத் தரவேண்டும். காகிதத்தில் கணக்கு சரி. சாலையில் இறங்கினால்தான் தெரிகிறது கூத்து!

இதைச் சிரிப்புக்காக மட்டும் எழுதவில்லை. 1991ல் சோவியத் யூனியன் சிதறியதும் கியூபாவுக்கு மலிவாக வந்த எண்ணெய் நின்றது. பேருந்துகள் ஓடவில்லை, மின்சாரம் இல்லை. சீனாவிலிருந்து லட்சக்கணக்கில் சைக்கிள்கள் வந்தன. அரசு இதற்கு "சிறப்புக் காலம்" என்று பெயர் வைத்தது. பெயரில் மட்டும்தான் சிறப்பு. 1993ல் டாலர் வைத்திருப்பது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. டாலர் இருப்பவன், இல்லாதவன் என்று நாடு இரண்டானது. 1994 கோடையில் பல்லாயிரம் பேர் கட்டுமரம் போன்ற மிதவைகளில் கடலில் இறங்கினார்கள். வழியோரத்தில் இந்தப் படம் காட்டும் பசியும் பேரமும் இந்தக் காலத்தினுடையவை.

படத்தை இயக்கியவர்கள் டொமாஸ் குட்டியெரெஸ் அலேயாவும் ஹுவான் கார்லோஸ் தபியோவும். அலேயா 1959 புரட்சியை ஆதரித்தவர், நாட்டை விட்டுப் போகாதவர். 1966லேயே "ஒரு அதிகாரியின் மரணம்" எடுத்தார். அதில் ஒரு தொழிலாளியை அவருடைய அடையாள அட்டையோடு புதைத்துவிடுகிறார்கள். அட்டை இல்லாமல் விதவைக்குப் பென்ஷன் இல்லை. உடலை ரகசியமாகத் தோண்டி எடுத்தால், தோண்டியதற்கான உத்தரவு இல்லாமல் மறுபடி புதைக்க முடியாது! இருபத்தொன்பது வருடம் கழித்தும் அவர் படத்தில் பிணமும் அதிகாரியும்தான். அந்த நோய் தீரவே இல்லை என்பதுதான் அவர் சொன்ன செய்தி.

"குவாண்டனமேரா" எடுக்கும்போது அலேயாவே கடுமையாக நோயுற்றிருந்தார். அதனால்தான் தபியோ இணைந்தார். ஜீனாவாக நடித்தவர் அலேயாவின் மனைவி மிர்தா இபார்ரா. படத்தின் நடுவே ஒரு ஆப்பிரிக்க-கியூபப் புராணக்கதை வருகிறது. கடவுள் உலகைப் படைத்தபோது மரணத்தைப் படைக்க மறந்துவிட்டாராம். கிழவர்கள் சாகாமல் அதிகாரம் செய்ய, இளையவர்களுக்கு இடமே இல்லாமல் போயிற்றாம். யாரைக் குறித்த கதை என்று கியூபாவில் விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

அலேயா 1996 ஏப்ரலில் காலமானார். 1998ல் பிடல் காஸ்ட்ரோ ஒரு உரையில் இந்தப் படத்தைக் குறை கூறினார். பதில் சொல்ல அலேயா இல்லை. படம் மட்டும் இருந்தது.

பார்க்க விரும்புபவர்கள் படத்தின் பெயரை மட்டும் தேடினால் அதே பெயரிலுள்ள பிரபலமான பாடல்தான் முதலில் வந்து நிற்கும். இயக்குநர் பெயரையும் 1995 என்ற வருடத்தையும் சேர்த்துத் தேடுங்கள். முடிந்தால் "ஒரு அதிகாரியின் மரணம்" படத்தை முதலில் பார்த்துவிடுங்கள்.