ஆறு தடமும் ஒரு பெட்டியும்

கோலார் தங்க வயலில் ஸ்கெலட்டன் என்றோர் இடம் உண்டு. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து பிழைப்பு நாடிச் சென்ற தமிழர் பல தலைமுறைகளாகத் தங்க வயலில் வாழ்ந்து வருகின்றனர். 1902-ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து மின்சாரம் வந்த நிலம் அது. 2001-ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்களில் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பின்னர் அச்சுரங்கங்களின் கதை திரைக்கு வந்தது. 2018-இல் ‘கே.ஜி.எஃப்.’ படமும், 2024-இல் ‘தங்கலான்’ படமும் வெளிவந்தன.

பெருநகர அரங்கில் இத்தகைய படங்களின் ஒலி முன்னும் பின்னும் பக்கங்களிலும் உள்ள பல ஒலிபெருக்கிகளிலிருந்து எழுகிறது. அதே படத்தை ஸ்கெலட்டனில் ஒருவர் கைப்பேசியில் காண்பாராயின், அவருக்கு வாய்ப்பது ஒன்றோ இரண்டோ சிற்றொலிபெருக்கிகளே. பல தடங்களில் பிரித்து வைத்த ஒலியை அச்சிறு வாயினுள் அடக்குவது எங்ஙனம்? அடக்குங்கால் எது எஞ்ச வேண்டும்? இவ்வினா எழுந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன.

1953-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ‘தி ரோப்’ என்னும் சினிமாஸ்கோப் படம் வெளியாயிற்று. படச்சுருளின்மீது நான்கு காந்தத் தடங்கள் இருந்தன. இடம், நடு, வலம் என மூன்று திரைக்குப் பின்னும், நான்காவது மக்கள் அமர்ந்த கூடத்திலும் ஒலித்தன. புதுமை வியப்பளித்தது; ஆனால் செலவு மிகுதி. சிற்றூர்க் கொட்டகை உரிமையாளர்கள் அத்தனை கருவிகளையும் வாங்க மறுத்தனர். மறு ஆண்டே நிறுவனத்தார் இணங்கி, ஒற்றை ஒலித்தடம் கொண்ட படிகளையும் வழங்கினர். அன்று தொட்டு ஒரே படத்திற்கு ஈருருவங்கள் அமைந்தன எனலாம்.

நம் நாட்டிலும் இந்நிலை வந்தது. 1975-இல் ‘ஷோலே’ 70 மில்லிமீட்டர் அளவிலும், 35 மில்லிமீட்டர் அளவிலும் காட்டப்பட்டது. 1986-இல் ‘மாவீரன்’ தமிழின் முதல் 70 மில்லிமீட்டர் படமாக வெளிவந்தது. அவ்வகைச் சுருளில் ஆறு காந்தத் தடங்களுக்கு இடமுண்டு. அவ்வசதியில்லாக் கொட்டகைகளிலோ ஒலிபெருக்கி ஒன்றே. பெரிய அரங்கில் இடப்புறம் தோன்றி வலப்புறம் மறையும் குதிரைக் குளம்பொலி, சிறிய கொட்டகையில் நின்ற இடத்திலேயே ஒலித்தது. செவியின் பணியையும் கண்ணே செய்தது.

வானொலியார் இச்சிக்கலை வேறு வகையில் தீர்த்தனர். 1961-இல் அமெரிக்காவில் பண்பலையில் ஸ்டீரியோ ஒலிபரப்பு தொடங்கியபோது, இடத்தடத்தையும் வலத்தடத்தையும் தனித்தனியே அனுப்பவில்லை. இரண்டின் கூட்டுத்தொகை ஒன்று, இரண்டின் வேறுபாடு மற்றொன்று என அனுப்பினர். புதிய பெட்டி அவ்விரண்டையும் கொண்டு இடத்தையும் வலத்தையும் மீட்டெடுக்கும். பழைய பெட்டியோ கூட்டுத்தொகையை மட்டும் ஏற்று முழு நிகழ்ச்சியையும் ஒலிக்கும். புதுமையின் பொருட்டு எந்த நேயரும் தம் பெட்டியை எறிய நேரவில்லை. இஃது அறிவியல் நுட்பம் மட்டுமன்று, ஓர் அறமுமாம்.

இன்றைய ஆறு தட ஒலியை இரண்டாக்குவதற்கும் ஒரு கணக்கு உண்டு. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1992-இல் வெளியிட்ட பரிந்துரையில் அதன் அடிப்படையைக் காணலாம். நடுத்தடத்தை 0.707 மடங்காகக் குறைத்து இடத்திலும் வலத்திலும் சேர்க்க வேண்டும். அதாவது 3 டெசிபல் குறைவு. அஃதேன் எனின், 0.707 மடங்கு ஒலி பாதி ஆற்றலே உடையது. இரு புறமும் பாதி பாதியாக எழுந்து, கூடத்தில் மீண்டும் முழுமையாகிறது. பின்புறத் தடங்களும் அவ்வாறே குறைக்கப்பட்டுத் தத்தம் பக்கத்தில் சேரும். அடித்தொனித் தடம் பெரும்பாலும் விடப்படும். அதனைத் தாங்கும் வலிமை சிற்றொலிபெருக்கிக்கு இல்லை.

எனினும் கூட்டல் எப்போதும் கூட்டலாகாது. ஓரலை ஏறும்போது மற்றோரலை இறங்குமாயின் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். 1970-களில் வந்த டால்பி ஸ்டீரியோ முறை நான்கு தடங்களை இரண்டில் மடித்து வைத்தது. அதில் பின்புற ஒலி இரு தடங்களிலும் எதிரெதிராக அமைந்தது. அவற்றை மேலும் ஒன்றாக்கினால் அவ்வொலி மறைந்துவிடும். மழையோ காட்டோசையோ மறைந்தால் கதை கெடாது. உயிரான சொல்லொன்று மறைந்தால் கதையே கெடும். ஆதலின் உரையாடலை நடுத்தடத்தில் வைப்பது வழக்கமாயிற்று.

அங்கும் ஓர் இடர் உண்டு. அரங்கில் பேச்சு நடுவிலிருந்தும், இசை பக்கங்களிலிருந்தும் வருவதால் செவி திசை கண்டு பிரித்தறியும். ஒரே வாயினின்று இரண்டும் வருங்கால் திசை இல்லை. இசை பேச்சை மூடும். நல்ல ஒலிக்கலைஞர் இதனை அறிவர். பெரிய ஒலிபெருக்கிகளுக்கு அருகே சிறியதொன்றையும் வைத்து, தம் படைப்பை அதிலும் கேட்டுப் பார்த்தே முடிவு செய்வர்.

சுரங்கக் கதையில் வெடியின் அதிர்வு அடித்தொனித் தடத்தில் அடங்கும். கைப்பேசியில் அது குன்றும். அதனைப் பொறுக்கலாம். ஆனால் வெடிக்கு அருகில் நிற்கும் தொழிலாளி தன் தோழனை அழைக்கும் குரல் குன்றலாகாது. விலையுயர்ந்த இருக்கையில் அமர்ந்தவருக்கும், ஸ்கெலட்டனில் கைப்பேசியைச் செவியருகே பிடித்தவருக்கும் அக்குரல் ஒருங்கே எட்ட வேண்டும். பல தடங்களைச் சுருக்கும் கலையின் பயன் அதுவே.