ஓல்டு கார்த்தூசியன்ஸ் கால்பந்துக் கழகம்

இங்கிலாந்தின் சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் படித்து முடித்தவர்கள் 1876-இல் தொடங்கிய அமெச்சூர் கால்பந்துக் கழகம் ஓல்டு கார்த்தூசியன்ஸ். எஃப்.ஏ. கோப்பையை 1881-இலும், எஃப்.ஏ. அமெச்சூர் கோப்பையை 1894, 1897 ஆகிய ஆண்டுகளிலும் வென்றது. இரண்டு கோப்பைகளையும் கைப்பற்றிய முதல் அணி இதுவே. பிற்காலத்தில் ராயல் எஞ்சினியர்ஸ், விம்பிள்டன் அணிகள் மட்டுமே அந்த வரிசையில் சேர்ந்தன.

பின்னணி

தாமஸ் சட்டன் 1611-இல் நிறுவிய சார்ட்டர்ஹவுஸ் பள்ளி, லண்டனில் பழைய துறவி மடம் ஒன்றின் கட்டடங்களில் நடந்துவந்தது. மாணவர்கள் மடத்தின் குறுகலான தாழ்வாரத்தில் பந்து உதைத்தார்கள். ரக்பி பள்ளியில் ஆடியதுபோலப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவதற்கும், ஆளைப் பிடித்துத் தள்ளுவதற்கும் அந்தக் கல்தரை தோதானதல்ல. பந்தைக் காலைவிட்டுப் பிரியாமல் உருட்டிச் செல்லும் ஆட்டம் அங்கே வளர்ந்ததற்கு இடநெருக்கடிதான் காரணம்.

1863 அக்டோபர் 26-இல் லண்டனில் கால்பந்துச் சங்கம் (எஃப்.ஏ.) உருவான கூட்டத்துக்குப் பள்ளியின் சார்பில் ஹார்ட்ஷோர்ன் என்ற மாணவர் தலைவர் வந்திருந்தார். மற்ற பெரிய பள்ளிகளின் முடிவு தெரியாமல் சேர முடியாது என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். 1872-இல் பள்ளி சர்ரே மாவட்டத்தின் கோடல்மிங்குக்கு இடம்பெயர்ந்தது. பின்னாளில் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன்-பவல் அக்காலத்தில் அங்கே மாணவர். பள்ளி அணியின் கோல்கீப்பரும்கூட.

1881

அந்த ஆண்டின் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் லங்காஷயரின் நூற்பாலை ஊரான டார்வனின் அணியை 4-1 என்று வென்ற கழகம், ஏப்ரல் 9 அன்று ஓவல் மைதானத்தில் நடந்த இறுதியாட்டத்தில் ஈட்டன் பள்ளியின் முன்னாள் மாணவர்களான ஓல்டு ஈட்டனியன்ஸை 3-0 என்று தோற்கடித்தது. அணித்தலைவர் எட்வர்ட் பாரி கனடாவில் பிறந்தவர். அணியில் இருந்த ஜேம்ஸ் பிரின்செப் இந்தியாவில் பிறந்தவர். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 17 வயதில், கிளாப்பம் ரோவர்ஸுக்காக இறுதிப் போட்டியில் ஆடியிருந்தார் பிரின்செப். இறுதியாட்டத்தில் இறங்கிய மிக இளையவர் என்ற அவரது சாதனை 2004 வரை நின்றது. பேரரசின் மூலைமுடுக்குகளில் பிறந்த பிள்ளைகளை வரவழைத்துப் படிக்கவைத்த பள்ளிகளுக்குத் திறமைக்குப் பஞ்சமில்லை.

சறுக்கல்

இரண்டே ஆண்டுகளில் காற்று மாறியது. 1883 அரையிறுதியில் பிளாக்பர்ன் ஒலிம்பிக் 4-0 என்று இவர்களை வீழ்த்தி, இறுதியில் ஓல்டு ஈட்டனியன்ஸையும் 2-1 என்று வென்றது. நெசவாளியும் நூற்பாலைத் தொழிலாளியும் இரும்பு வார்ப்பாலை ஆட்களும் கொண்ட அணி அது. போட்டிக்கு முன் கடற்கரை ஊரான பிளாக்பூலில் தங்கிப் பயிற்சி எடுக்க உள்ளூர் வார்ப்பாலை முதலாளி பணம் கொடுத்தார். இதைக் கனவான்கள் முறைகேடு என்றார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கிறவருக்கு இந்தச் சண்டையின் நியாயம் சட்டென்று புரியும்: ஆட்டத்துக்காக லீவு போட்டால் அன்றைய கூலி போகும். குடும்பச் சொத்து உள்ளவருக்கு அமெச்சூராக இருப்பது பெருமை. கூலிக்காரருக்கு அது நஷ்டக்கணக்கு. 1885-இல் சங்கம் தொழில்முறை ஆட்டத்தை அனுமதித்தது. பள்ளிப் பதிவேட்டுக்கு வெளியே ஆள் எடுக்க முடியாத கழகம், ஊர் ஊராக ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்த அணிகளோடு இனி மல்லுக்கட்ட முடியவில்லை.

அமெச்சூர் கோப்பை

1893-94-இல் அமெச்சூர்களுக்கென்றே தொடங்கிய கோப்பையின் முதல் இறுதியில் கேஷுவல்ஸை 2-1 என்று வென்றது கழகம். மறு ஆண்டு மிடில்ஸ்பரோவிடம் தோற்றது. 1897-இல் ஸ்டாக்டனுடன் முதல் ஆட்டம் சமனாகி, மறு ஆட்டத்தில் 4-1 என்று வென்றது. ஆனால் எதிரணிகளின் பெயர்களே போக்கைக் காட்டிவிடுகின்றன. இந்தக் கோப்பையிலும் வடக்கின் தொழில் நகரங்கள் வந்துவிட்டன.

ஆர்தர் டன் கோப்பை

பழைய மாணவர் அணிகள் தமக்குள்ளே ஆடிக்கொள்ள ஒரு போட்டி வேண்டும் என்று விரும்பியவர் ஓல்டு ஈட்டனியன்ஸ் ஆட்டக்காரரும் லட்க்ரோவ் பள்ளியை நிறுவியவருமான ஆர்தர் டன். 1883 இறுதியில் காயம்பட்டு வெளியேறியவரும் அவர்தான். 1902 பிப்ரவரியில் அவர் இறந்தார். அவர் பெயரில் கோப்பை அவ்வாண்டே தொடங்கியது. ஓல்டு கார்த்தூசியன்ஸும் ஷ்ரூஸ்பரி பள்ளியின் ஓல்டு சலோபியன்ஸும் மோதிய முதல் இறுதி இருமுறை ஆடியும் முடிவாகாமல், கோப்பையை இரு அணிகளும் பகிர்ந்துகொண்டன. அதன்பின் இக்கோப்பையை அதிக முறை வென்ற அணி ஓல்டு கார்த்தூசியன்ஸ்தான். அமெச்சூர், தொழில்முறை என்ற பாகுபாட்டைச் சங்கம் 1974-இல் கைவிட்டதோடு அமெச்சூர் கோப்பை முடிவுக்கு வந்தது. பழைய மாணவர் அணிகளுக்காக 1960களின் தொடக்கத்தில் உருவான ஆர்தூரியன் லீக்கில் கழகம் தொடர்ந்து ஆடிவருகிறது.