சங்காயம் போய் சிக்கன் ரைஸ் வந்த கதை

போன வருஷம் டாக்டர் என் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி: "ராத்திரி என்ன சாப்பிடுவீங்க?"

ராமநாதபுரத்துக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? புரோட்டா என்றேன். "வாரத்துல எத்தனை நாள்?" என்றார். எத்தனை நாள் சாப்பிடமாட்டீங்க என்று கேட்டிருந்தால் சுலபமாகச் சொல்லியிருப்பேன். (ஒரு நாள். அன்னைக்கு முட்டை ரைஸ்.)

ஆக, சர்க்கரை வந்துவிட்டது. வந்ததும் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், பழி போட ஆள் தேடினேன். ஆள் ரெடியாக இருந்தது: பாஸ்ட் புட். 'எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த வினை, நம்ம பாட்டன் பூட்டன் கேப்பைக் கூழும் குதிரைவாலிச் சோறும் தின்னு நூறு வயசு இருந்தான்' என்று பேசுகிற கோஷ்டியில் கொஞ்ச நாள் நானும் இருந்தேன். (நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தியாவில் சராசரி ஆயுள் முப்பதைக்கூடத் தாண்டவில்லை. பிள்ளைச் சாவையும் சேர்த்த கணக்குதான், இருந்தாலும் நூறு எங்கே முப்பது எங்கே.) அப்புறம் வழக்கமான கிறுக்கு பிடித்து, நம்ம கடற்கரையில் இந்தச் சாப்பாடு எப்படி வந்தது என்று தோண்ட ஆரம்பித்தேன். தோண்டத் தோண்ட அந்த கோஷ்டிப் பேச்சு நிற்கவில்லை.

உலகத்துக்குப் பாஸ்ட் புட் என்றால் பர்கர். அமெரிக்காவில் 1921-ல் ஒயிட் கேசில், 1948-ல் மெக்டொனால்ட் சகோதரர்கள் தங்கள் கடை அடுப்படியைத் தொழிற்சாலை மாதிரி மாற்றியது, 1996-ல் அது டெல்லிக்கும் மும்பைக்கும் வந்தது... இதெல்லாம் நம்ம கதை இல்லை. நம்ம பக்கம் பாஸ்ட் புட் என்றால் சாயங்காலம் ஆறு மணிக்கு முளைக்கிற தள்ளுவண்டி. இரைகிற அடுப்பு, இரும்புச் சட்டி, டங் டங் என்று கரண்டி. பக்கத்திலேயே புரோட்டாக் கல். பஸ் ஸ்டாண்டு, ரயில்வே கேட், கீழக்கரை ரோடு, பாம்பன், மண்டபம், எங்கே போனாலும் இதே காட்சிதான்.

ஆனால் அவசரமாக வருகிறவனுக்கு ராத்திரி நேரத்தில் சுடச்சுடச் சோறு போடுவது இந்த மண்ணுக்குப் புதுசே இல்லை. ராமேஸ்வரம் யாத்திரை ரோடு நெடுகச் சத்திரங்கள் இருந்தன. சேதுபதிகள் கட்டினார்கள், தஞ்சாவூர் மராட்டிய மன்னர்களும் கட்டினார்கள். 1801-ல் தஞ்சை சரபோஜி மன்னர் இந்தச் சத்திரங்களைப் பற்றிக் கம்பெனி அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். வருகிறவர் எவரானாலும் சோறு உண்டு. நடுராத்திரியில் ஒரு மணி அடிப்பார்களாம், இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வந்து சாப்பிடட்டும் என்று. நடுராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சோறு! எனக்கு உடனே பஸ் ஸ்டாண்டு கடை ஞாபகம்தான் வந்தது. என்ன, அங்கே மணிக்குப் பதில் கொத்துக் கரண்டி.

சத்திரம் இலவசம். காசு கொடுத்து அவசரமாகத் தின்கிற சோறு என்று பார்த்தால், நம்ம ஜில்லாக்காரர்கள் அதில் உலகத்துக்கே சீனியர்கள். பினாங்கில் 'நாசி கண்டார்' என்று ஒரு சாப்பாடு இருக்கிறது. நாசி என்றால் மலாய் மொழியில் சோறு. கண்டார் என்றால் தோளில் வைத்துத் தூக்குகிற கழி. நம்ம காவடி மாதிரி ஒரு கழி, ஒரு முனையில் சோற்றுப் பானை, மறு முனையில் குழம்புச் சட்டிகள். நூறு வருஷத்துக்கு முன்னால் இதைத் தோளில் போட்டுக்கொண்டு துறைமுகத்தில் கூலிகளுக்கு விற்றவர்கள் தமிழ் முஸ்லிம்கள். மூட்டை தூக்குகிறவனுக்கு உட்கார்ந்து சாப்பிட நேரம் ஏது? சோற்றை வை, நாலு குழம்பையும் கலந்து ஊற்று, தின்னுவிட்டு ஓடு. இன்றைக்கு அது மலேசியாவின் பெருமை. அங்கே அந்தக் கடைகளுக்கு 'மாமாக்' கடை என்று பேர், நம்ம 'மாமா'தான். மாமாக் கடைகளில் நம்ம ராமநாதபுரம் மாவட்டத்து ஆட்கள் கணிசம். அங்கே ரொட்டி சனாய் என்று வீசி அடித்து மடித்துப் போடுவது நம்ம புரோட்டாவின் கூடப் பிறந்த தம்பி. கடல் தாண்டிப் போன பிழைப்பு அது. லீவுக்கு ஊர் வந்தவர்கள் அந்த ருசியையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். இந்தப் பக்கம் இலங்கை. 1914-ல் பாம்பன் ரயில் பாலம் வந்ததிலிருந்து தனுஷ்கோடிக்கு போட் மெயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகும் ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் போனது. 1980களின் நடுவில் போரால்தான் அது நின்றது. கொத்து ரொட்டி அங்கே முதலா கொத்து புரோட்டா இங்கே முதலா என்று சண்டை போடுகிறவர்கள் போடட்டும், இடையில் இருந்தது கப்பலும் பசித்த ஜனமும்.

சரி, சோறு தின்கிற ஊரில் மைதா எப்படி இப்படி உட்கார்ந்தது? இங்கேதான் கதை கொஞ்சம் கசப்பு.

நம்மது வானம் பார்த்த பூமி. அரசாங்கத்தில் பிடிக்காதவனை 'தண்ணியில்லாக் காட்டுக்கு' மாற்றுவார்களே, அந்தக் காடு நாம்தான். விளைந்தால் கேப்பை, குதிரைவாலி, வரகு. கண்மாய் நிறைந்தால் நெல். பற்றாக்குறைக்குப் பர்மா அரிசி கப்பலில் வந்தது. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் அது நின்றது. ரேஷன் வந்தது. அரிசி கிடைக்காத இடத்தில் கோதுமை வாங்கிக்கொள் என்றார்கள். சப்பாத்தி எப்படிச் சுடுவதென்று தெரியாத ஜனம் கோதுமையைக் குத்திக் கஞ்சி காய்ச்சியது. 1956-லிருந்து பி.எல்.480 என்கிற ஒப்பந்தத்தில் அமெரிக்கக் கோதுமை வர ஆரம்பித்தது. 1965, 66 இரண்டு வருஷமும் மழை பொய்த்தது. 1966-ல் மட்டும் நாட்டுக்குள் இறக்குமதியான தானியம் ஏறக்குறைய ஒரு கோடி டன், பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை.

அம்மாவுக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அமெரிக்கா மாவுக் கஞ்சி, பால் பவுடர். வீட்டில் பாட்டி அரிசிக் கடை வரிசையில். "ஒரு நாளு வெறுங்கையோட வந்து உக்காந்து அழுதாங்கப்பா" என்றார் அம்மா. அவ்வளவுதான் சொன்னார். 1967 தேர்தலில் தி.மு.க. ஜெயித்ததற்கு ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதியும் ஒரு காரணம் என்று நாம் பாடமாகப் படிக்கிறோம். அந்த மூன்று படியின் கனம் பாட்டியின் அழுகையில்தான் எனக்குப் புரிந்தது.

அரிசி இல்லாத காலம்தான் நம்ம வயிற்றைக் கோதுமைக்குப் பழக்கியது. மாவு மில்லில் உமித்தோலும் முளையும் நீக்கிய மைதா கெடாமல் கிடக்கும், மலிவு, எண்ணெய் காட்டினால் நூலாக இழுபடும், கடைக்காரனுக்கு அதைவிட என்ன வேண்டும்? நாலு புரோட்டா அடைத்தால் விடிகிறவரை பசிக்காது. இதில் வேடிக்கை என்னவென்றால் 2008-ல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆனது, 2011-ல் இலவசமே ஆனது. அரிசி இல்லாததால் வந்தவன், அரிசி சும்மா கிடைத்த பிறகும் வீட்டைக் காலி பண்ணவில்லை!

(மைதாவில் அலாக்சான் இருக்கிறது, அதுதான் சர்க்கரை நோய்க்குக் காரணம் என்று வருஷா வருஷம் ஒரு செய்தி சுற்றும். எலிக்குச் சர்க்கரை வரவைக்க ஆய்வகத்தில் அலாக்சான் கொடுப்பது நிஜம். மாவை வெளுக்கும்போது துளி உண்டாவதால் மனுஷனுக்குச் சர்க்கரை வருகிறது என்பதற்கு நிரூபணம் இல்லை. நாரே இல்லாத மாவும் அதில் குளிக்கிற எண்ணெயும் போதும், வில்லனுக்குத் தனியாக ஆள் தேவையில்லை. பாலீஷ் போட்ட வெள்ளை அரிசியும் யோக்கியம் கிடையாது.)

அடுத்தது பாலம். 1988 அக்டோபர் 2-ல் பாம்பன் ரோடு பாலம் திறந்தபோது எனக்குப் பன்னிரண்டு பதிமூன்று வயசு. அதுவரை தீவுக்கு ரயில்தான். பாலம் வந்ததும் ஐஸ் போட்ட மீன் லாரி நேராக உள்ளே வந்தது. விசைப்படகுகள் அறுபதுகளிலேயே வந்தாச்சு. இறாலுக்கு ஜப்பானிலும் அமெரிக்காவிலும் கிராக்கி. அந்த வலையில் இறாலோடு சேர்ந்து வருகிற பொடி மீன், குஞ்சு, நண்டு எல்லாவற்றுக்கும் மொத்தமாக ஒரு பேர் உண்டு: சங்காயம். அதைக் காயப்போட்டு மூட்டை கட்டினால் லாரி ஏறி மீன் மாவாகிக் கோழித் தீவனத்தில் சேரும். நல்ல இறால் ஏற்றுமதிக்கு, சங்காயம் கோழிக்கு. அந்தத் தீவனம் தின்று வளர்ந்த கோழியும் முட்டையும் அதே ரோட்டில் திரும்பி வந்து தள்ளுவண்டிச் சட்டியில் சிக்கன் ரைஸ் ஆகிறது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்து, நம்ம கடல் மீனையே கோழி வழியாகச் சாப்பிடுகிறோம்! இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாசி சமாச்சாரமும் உண்டு. பாம்பன் பக்கத்துப் பெண்கள் காலில் அலுமினியத் தட்டைக் கட்டிக்கொண்டு, விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்கிப் பாசி எடுப்பார்கள். 2000 வாக்கில் மண்டபம் பக்கம் பெப்சி கம்பெனி ஒப்பந்தத்தில் மூங்கில் மிதவை போட்டு வெளிநாட்டுப் பாசி வளர்க்க ஆரம்பித்தார்கள். அதிலிருந்து எடுக்கிற பசை உலகமெங்கும் ஐஸ்கிரீமையும் பாக்கெட் பாலையும் கெட்டியாக்குகிறது. அஜினோமோட்டோகூட 1908-ல் ஜப்பானில் பாசியைக் கொதிக்கவைத்துக் கண்டுபிடித்ததுதான். ஆக, அந்தப் பெரிய அடுப்படிக்குச் சாமான் அனுப்புகிற இடத்தில் நம்ம ஊரும் ஒன்று.

இவ்வளவையும் படித்த பிறகு எனக்குத் தோன்றியது ஒன்றுதான். சத்திரத்துச் சோறும் சரி, நாசி கண்டாரும் சரி, கப்பல் பயணி தின்றதும் சரி, எல்லாமே வீட்டை விட்டு வந்தவனுக்கான சாப்பாடு. வழியில் இருக்கிறவன் தின்பான், ஊர் போய்ச் சேர்ந்ததும் வீட்டுச் சோறுக்குத் திரும்புவான். இப்போது நாம் எங்கேயும் போகவில்லை. சொந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு வழிப்போக்கன் சாப்பாட்டைச் சாப்பிடுகிறோம், தினமும். மூட்டை தூக்கியவன் வயிறு அதைச் செரித்தது. நான் தூக்குவது மவுசு.

இதை அம்மாவிடம் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொன்னேன். இனிமேல் ராத்திரி வீட்டிலேயே கேப்பை தோசை சுட்டுக்கலாம், கடைப் பக்கமே போகவேண்டாம் என்றேன். அம்மா டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"யாரு சுடுறது?"

பதில் இல்லை என்னிடம். மனைவி வேலை முடிந்து வீடு வர ஏழரை ஆகும். அம்மாவுக்கு முழங்கால் வலி. நான் சுடலாம், சுட்டேன். வாரத்தில் நாலு நாள் நானேதான் சுடுகிறேன், முதல் வாரம் தோசை கல்லை விட்டு வரவே இல்லை என்பது தனிக் கதை. ஆனால் அம்மா அன்றைக்குச் சொன்ன அடுத்த வரி இன்னும் காதில் இருக்கிறது. "நாப்பது வருஷம் ராத்திரி அடுப்புல நின்னேன்ப்பா. நீ மொத மொதலா பொட்டலம் வாங்கிட்டு வந்த அன்னைக்குத்தான் ஏழு மணிக்கு உக்காந்தேன்."

நான் படித்த எதிலும் இந்தக் கணக்கு இல்லை.

போன சனிக்கிழமை கடைக்குப் போனேன். மாஸ்டர் கல்லில் இருந்தபடியே, "என்ன தம்பி, ஆளையே காணோம்? வழக்கம்போல நாலா?" என்றார்.

"ரெண்டு போதும்ண்ணே. எண்ணெய் கம்மியா."

"சுகரா?"

தலையாட்டினேன். அவர் மாவுக் கையை லுங்கியில் துடைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். நான் சாப்பிடுகிற அதே மாத்திரை, அதே பவர். "ஆறு வருஷமாச்சு" என்று திரும்பப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த உருண்டையை வீச ஆரம்பித்தார்.

அம்மாவுக்கு ஒரு ஆம்லெட்டும் சேர்த்துக் கட்டச் சொன்னேன்.