சத்தமில்லாமல் தொலையும் யூலை 4

பைதனில் தரவுகளோடு மல்லுக்கட்டுற எல்லாருக்கும் பண்டாஸைத் தெரியும். பெயர் கரடியிலிருந்து வந்ததில்லை. 'பேனல் டேட்டா' என்ற சொல்லின் சுருக்கம். 2008இல் ஏகியூஆர் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்தில் வேலை செய்த வெஸ் மெக்கின்னி அதை எழுதத் தொடங்கினார். 2009 முடிவில் அது திறந்த மூலமாக வெளிவந்தது.

அதற்கு முதலே நம்பை இருந்தது. ஆனால் நம்பைக்கு இடம் மட்டும்தான் தெரியும்: முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. யூலை 4 நியூயோர்க் பங்குச்சந்தைக்கு விடுமுறை, லண்டனுக்கு இல்லை. டிசம்பர் 26 லண்டனுக்கு விடுமுறை, நியூயோர்க்குக்கு இல்லை. இரண்டு விலைப்பட்டியல்களும் நீளத்தில் வேறுபட்டால் நம்பை பிழை காட்டி நிற்கும். தற்செயலாக நீளம் ஒத்துவந்தால்? திங்கட்கிழமை விலையைச் செவ்வாய்க்கிழமை விலையோடு பேசாமல் கூட்டித் தரும்.

இதற்குப் பண்டாஸ் தந்த மருந்து லேபல். ஒவ்வொரு எண்ணும் தன் திகதியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும். இடம் பார்க்காமல் திகதி பார்த்துச் சேர்க்கலாம்.

மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு. நியூயோர்க் திகதிகள் உள்ள அட்டவணைக்குள் லண்டன் விலைகளைப் புதிய நிரலாகப் போட்டுப் பாருங்கோ. அட்டவணையில் இல்லாத யூலை 4இன் விலை போயே போச்சு. டிசம்பர் 26இல் 'எண் அல்ல' என்ற வெற்று அடையாளம் வந்து குந்தும். சராசரி கேட்டால் பண்டாஸ் அந்த வெற்றிடத்தைத் தாண்டிப்போய் ஒரு அழகான விடையைத் தரும். எச்சரிக்கை ஒன்றும் வராது.

2014இல் காலநிலைத் தரவுகளுக்காக வெளிவந்த எக்ஸ்அரே இன்னொரு முடிவை எடுத்தது. இரண்டு அணிகளைக் கூட்டினால், பண்டாஸ் இரு பக்க லேபல்களையும் வைத்துக்கொண்டு இல்லாததை வெற்றிடமாக்கும். எக்ஸ்அரே பொதுவானதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும். ஒரே கேள்விக்கு இரண்டு விடை. ஆக இது கணிதம் தந்த விதி இல்லை, மனிசர் எடுத்த தீர்மானம். லேபல்கள் அச்சொட்டாகப் பொருந்தாவிட்டால் பிழை காட்டச் சொல்லும் தெரிவும் எக்ஸ்அரேயில் இருக்கு. ஆனால் அதை நாங்கள்தான் கேட்டு வாங்கவேணும்.

ஆகவே சேர்க்க முதல் இரண்டு இன்டெக்ஸும் ஒன்றா என்று பாருங்கோ. சேர்த்த பிறகு வெற்றிடங்களை எண்ணுங்கோ. ஆனால் கைவிடப்பட்ட யூலை 4 வெற்றிடமாகக்கூட எஞ்சாது. அதைப் பிடிக்க, முதல் எத்தனை எண்கள் இருந்தன என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கவேணும்.