நீரடி ஒளிப்படக் கருவிகள்

நீரடி ஒளிப்படக் கருவிகள் என்பவை நீருக்குள் படமெடுக்கப் பயன்படும் கேமரா, நீர்புகா உறை, லென்ஸ், விளக்கு, துணைப்பொருள்கள் ஆகியவற்றின் தொகுதி. நிலத்தில் முதலில் கேமராவை வாங்கிவிட்டுப் பிறகு லென்ஸ் தேடுவது வழக்கம். நீருக்கடியில் இந்த வரிசை தலைகீழாகிறது. எந்த உயிரை, எந்தத் தண்ணீரில் எடுக்கப்போகிறோம் என்பதைப் பொறுத்து லென்ஸ் அமைகிறது. லென்ஸைப் பொறுத்து உறையின் முகப்புக் கண்ணாடியும் விளக்கும் அமைகின்றன. கேமரா கடைசியில் வருகிறது. லென்ஸுக்கும் படப்பொருளுக்கும் நடுவில் இருக்கும் தண்ணீரைக் குறைப்பதே இத்தேர்வுகள் அனைத்துக்கும் அடிப்படை.

நீரும் ஒளியும்

நீரின் ஒளிவிலகல் எண் சுமார் 1.33. இதனால் தட்டையான கண்ணாடி வழியே பார்க்கும்போது நீருக்குள் இருக்கும் பொருள்கள் உண்மைத் தொலைவில் முக்கால் பங்கில் இருப்பதுபோலத் தெரிகின்றன. மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தோன்றுகின்றன. முக்குளிப்பு முகமூடி அணிந்த எவரும் இதைக் கண்ணாலேயே உணரலாம்.

நீர் ஒளியை விழுங்கவும் செய்கிறது. சிவப்பு நிறத்தின் பெரும்பகுதி முதல் 5 மீட்டருக்குள் போய்விடுகிறது. அதன்பின் ஆரஞ்சும் மஞ்சளும் படிப்படியாக மங்குகின்றன. தெளிந்த கடலில் கடைசிவரை மிஞ்சுவது நீலம். 20 மீட்டர் ஆழத்தில் விரலில் கீறல் பட்டால் கசியும் இரத்தம் பச்சை கலந்த கருப்பாகத் தெரியும். இந்த இழப்பு ஆழத்தால் மட்டும் நேர்வதில்லை. மேற்பரப்பிலிருந்து பொருளுக்கும், பொருளிலிருந்து கேமராவுக்கும் ஒளி கடக்கும் மொத்தத் தொலைவே கணக்கு.

மூன்றாவது தடை துகள்கள். மிதவை நுண்ணுயிர்களும் மணலும் வண்டலும் ஒளியைச் சிதறடித்து, படத்தின் கூர்மையையும் நிற வேறுபாட்டையும் கெடுக்கின்றன. நான்காவது அழுத்தம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் உறையின் மேல் மொத்தம் 4 வளிமண்டல அழுத்தம் இருக்கும்.

வரலாறு

1856-இல் இங்கிலாந்தின் வேமத் கடலோரத்தில் வில்லியம் தாம்சன் என்பவர் ஒரு கேமராவைப் பெட்டிக்குள் வைத்துப் படகிலிருந்து கடலடிக்கு இறக்கினார். பெட்டிக்குள் நீர் புகுந்தும் மங்கலான ஒரு படம் மிஞ்சியது. 1893-இல் பிரெஞ்சு உயிரியலாளர் லூயி பூட்டான், பானியூல்ஸ்-சூர்-மேர் ஊரில் முக்குளிப்பு உடையணிந்து தாமே நீரில் இறங்கிப் படமெடுத்தார். மெக்னீசியத் தூளை எரித்து ஒளியூட்டும் நீரடி ஃபிளாஷ் ஒன்றையும் அவர் பயன்படுத்தினார். 1926-இல் புளோரிடாவின் டிரை டோர்ட்டுகாஸ் தீவுகளருகே வில்லியம் லாங்லியும் சார்லஸ் மார்ட்டினும் முதல் நீரடி வண்ணப்படங்களை எடுத்தனர். அவை நேஷனல் ஜியாகிரஃபிக் இதழில் 1927 சனவரியில் வெளியாயின. இவர்களும் மிதவையின் மேல் மெக்னீசியத் தூளை எரித்தே ஒளி பெற்றார்கள்.

பெல்ஜியப் பொறியாளர் ஜான் டி வூட்டர்ஸ், பிரெஞ்சுக் கடலாய்வாளர் ஜாக் கூஸ்டோவின் குழுவுக்காக வடிவமைத்த கலிப்சோ என்ற 35 மி.மீ. கேமராவுக்குத் தனி உறை தேவைப்படவில்லை. அந்த வடிவமைப்பைப் பெற்ற நிக்கான் நிறுவனம் 1963-இல் அதை நிக்கோனோஸ் என்ற பெயரில் வெளியிட்டது. இவ்வரிசைக்கென உருவான 15 மி.மீ. அகலக் கோண லென்ஸ், நேரடியாக நீரைத் தொட்டபடி இயங்குமாறு கணக்கிடப்பட்டது. 2001-இல் நிக்கோனோஸ் உற்பத்தி நின்றது. நில கேமராவை உறைக்குள் வைத்துப் பயன்படுத்தும் முறையே இன்று பெருவழக்கு.

கேமரா வகைகள்

ஆக்‌ஷன் கேமராக்கள் எடை குறைந்தவை, காணொளிக்கு ஏற்றவை. இவ்வகையைச் சேர்ந்த பல கோப்ரோ கேமராக்களை உறையின்றி 10 மீட்டர் வரையும், அதற்கான பாதுகாப்பு உறையுடன் 60 மீட்டர் வரையும் கொண்டுபோகலாம். சிறு உயிர்களை அருகிலெடுக்க, கூடுதல் லென்ஸ் இல்லாமல் இவை உதவுவதில்லை.

காம்பாக்ட் கேமராக்கள் தொடக்கநிலையினருக்கு உகந்தவை. 2023-இல் வந்த ஓ.எம். சிஸ்டம் டி.ஜி-7, உறையில்லாமலே 15 மீட்டர் வரை நீர் தாங்கும். சென்சாரின் பதிவை அப்படியே சேமிக்கும் ரா கோப்புகளைத் தரும். அதன் மைக்ராஸ்கோப் முறையில் லென்ஸுக்கு 1 செ.மீ. அருகில் உள்ள பொருளையும் குவியப்படுத்தலாம். ஸ்கூபா முக்குளிப்புக்கு இதையும் உறையில் இட்டே பயன்படுத்த வேண்டும். 15 மீட்டர் என்ற எல்லையை ஒரு சாதாரண முக்குளிப்பிலேயே தாண்டிவிடுவோம்.

லென்ஸ் மாற்றக்கூடிய மிரர்லெஸ் கேமராக்களும் டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களும் படத்தரத்தில் முன்னிற்கின்றன. இவற்றில் சென்சாரின் அளவு ஒரு முக்கியமான வேறுபாடு. முழுச்சட்ட சென்சார் மங்கிய ஒளியில் நன்றாக இயங்கும். ஆனால் அதற்கேற்ற உறையும் முகப்புக் கண்ணாடியும் பெரியவை. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராவின் உறை சிறியது. ஒரே கோணத்திலும் ஒரே லென்ஸ் துளையிலும் எடுக்கும்போது அதன் குவிய ஆழம் அதிகம். சிறு உயிர்களை மிக அருகில் எடுக்கும் மேக்ரோ படங்களுக்கு இது நல்ல துணை. ஏ.பி.எஸ்-சி சென்சார் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது.

எந்த வகையானாலும் சரிபார்க்க வேண்டியவை: ரா கோப்பு வசதி, ஆழத்திலேயே வெள்ளைச் சமநிலையை அமைக்கும் வசதி, மங்கலிலும் தடுமாறாத குவியம், நீரடி ஃபிளாஷுடன் இசையும் ஷட்டர் வேகம். இந்தக் கடைசி அளவு பல கேமராக்களில் 1/200 அல்லது 1/250 நொடி.

நீர்புகா உறை

உறை குறிப்பிட்ட ஒரு மாடலுக்கென்றே செய்யப்படுகிறது. பொத்தான்களின் இடம் சிறிது மாறினாலும் பழைய உறை பொருந்தாது. அதன் விலை பெரும்பாலும் கேமராவின் விலையை எட்டும், சிலவற்றில் தாண்டும். எனவே உறை கிடைக்கிறதா என்று பார்க்காமல் கேமரா வாங்கக்கூடாது. ஒரு தலைமுறை பழைய கேமராவை அதன் உறையோடு சேர்த்து வாங்குவது, புதிய கேமராவை வாங்கிவிட்டு உறைக்குக் காத்திருப்பதைவிடப் பயனுள்ளது.

பாலிகார்பனேட் உறைகள் விலை குறைந்தவை. ஒளிபுகும் வகைகளில் உள்ளே ஒரு துளி கசிந்தாலும் கண்ணில் படும். அமெரிக்காவின் ஐகலைட் இவற்றுக்குப் பெயர்பெற்றது. ஹாங்காங்கின் நாட்டிகாம், ஜப்பானின் சீ அண்ட் சீ போன்ற நிறுவனங்களின் அலுமினிய உறைகள் உறுதியானவை. நெம்புகோல்கள் விரலுக்கு எட்டும் இடத்தில் இருப்பதால் கையுறையோடும் இயக்கலாம்.

இன்று பல உறைகளில் வெற்றிடச் சோதனை அமைப்பு உண்டு. உறையை மூடியபின் சிறு பம்பால் உள்ளிருக்கும் காற்றின் ஒரு பகுதியை உறிஞ்சினால் வெளிக்காற்று உறையை இறுக அழுத்தும். அரை மணி நேரம் கழித்தும் அவ்வமைப்பின் பச்சை விளக்கு மாறாதிருந்தால் கசிவில்லை என்று பொருள். வாங்கத்தக்க துணைப்பொருள்களில் முதலிடம் இதற்கே.

முகப்பும் லென்ஸும்

உறையில் லென்ஸின் முன்னுள்ள கண்ணாடிப் பகுதி போர்ட் எனப்படும். தட்டை போர்ட், கவிகை வடிவ டோம் போர்ட் என அது இருவகை.

தட்டை போர்ட்டின் வழியே எந்த லென்ஸாலும் 97 பாகைக்கு மேல் பார்க்க முடியாது. அதை நெருங்குமுன்பே ஓரங்களில் நிறச் சிதைவும் வளைவும் தோன்றும். 28 மி.மீ. லென்ஸ் இதன் பின்னால் ஏறத்தாழ 37 மி.மீ. லென்ஸின் கோணத்துக்குச் சுருங்கிவிடும். ஆனால் மேக்ரோவுக்கு இதே உருப்பெருக்கம் அனுகூலமாகிறது. 60 மி.மீ. மேக்ரோ லென்ஸ், பொருளை மிக நெருங்க விடுவதால் கலங்கிய நீருக்கும் புதியவர்களுக்கும் ஏற்றது. 100 அல்லது 105 மி.மீ. லென்ஸ், வளைக்குள் ஓடி ஒளியும் சிறு மீன்களை அச்சுறுத்தாமல் எட்டியிருந்து எடுக்க உதவும்.

டோம் போர்ட் லென்ஸின் அகலக் கோணத்தை அப்படியே காக்கிறது. ஆனால் நீருக்குள் டோமே ஒரு குழிலென்ஸாகச் செயல்பட்டு, டோமின் முன்னால் ஒரு மாயப்பிம்பத்தை உண்டாக்குகிறது. எல்லையில்லாத் தொலைவில் உள்ள பொருளின் பிம்பமும் டோமின் ஆரத்தைப்போல மூன்று மடங்கு தூரத்திலேயே அமையும். ஆரம் 11 செ.மீ. என்றால், முழுக் கடலும் 33 செ.மீ.க்குள் அடங்கிவிடும். அவ்வளவு அருகில் குவியாத லென்ஸால் டோமின் பின்னால் பயனில்லை. அந்தப் பிம்பம் வளைந்ததாகவும் இருப்பதால் படத்தின் மூலைகள் மங்கும். நேர்கோட்டு அகலக் கோண லென்ஸுக்குப் பெரிய டோமும் எஃப் 8 முதல் எஃப் 11 வரையிலான சிறிய துளையும் வேண்டியிருப்பது இதனால்தான். லென்ஸுக்கு உரிய நீட்டிப்பு வளையம் போட்டு டோமின் மையத்தோடு அதைப் பொருத்துவதும் கட்டாயம்.

மீன்கண் லென்ஸ் இத்தகைய வளைவை எளிதில் தாங்கும். மிக அருகில் குவியும். சிறிய டோமோடும் இணங்கும். பவளப்பாறையின் மேல் 20 செ.மீ. வரை நெருங்கி, பின்னணியில் முழுக் காட்சியையும் சேர்த்து எடுக்க இதற்கு நிகரில்லை.

ஈர லென்ஸ் எனப்படும் கூடுதல் லென்ஸ்களை உறையின் வெளியே, நீருக்குள்ளேயே மாட்டலாம், கழற்றலாம். 28 மி.மீ. லென்ஸின் முன் மாட்டினால் சுமார் 130 பாகை தரும் அகலக் கோண வகைகளும், சிறியதைப் பெரிதாக்கும் +5, +10 போன்ற டயாப்டர்களும் உண்டு. ஒரே முக்குளிப்பில் ஆமையும் கடல் நத்தையும் எதிர்ப்படக்கூடிய இடத்தில் காம்பாக்ட் கேமராவும் ஈர லென்ஸும் சேர்ந்தால், பெரிய கேமராவால் முடியாததைச் செய்துவிடும்.

விளக்குகள்

இழந்த நிறத்தை மீட்டுத் தருவது ஸ்ட்ரோப் எனப்படும் நீரடி ஃபிளாஷ். அதன் ஒளி பொருளுக்குப் போய்க் கேமராவுக்குத் திரும்புவதால், 1 மீட்டர் தொலைவிலுள்ள மீனுக்கு 2 மீட்டர் நீரைக் கடக்கிறது. ஆகவே ஒரு மீட்டருக்குள் அது துலக்கமாக இயங்கும். ஒன்றரை மீட்டருக்கு அப்பால் எவ்வளவு வலிமையான ஸ்ட்ரோபாலும் சிவப்பைக் காப்பது கடினம். மேக்ரோவுக்கு ஒன்று போதும். அகலக் கோணத்துக்கு இரண்டு வேண்டும்.

லென்ஸின் பக்கத்திலேயே விளக்கை வைத்தால், இடையிலுள்ள துகள்கள் ஒளிர்ந்து படமெங்கும் வெள்ளைப் புள்ளிகளாக விழும். பேக்ஸ்கேட்டர் எனப்படும் இக்கேட்டைத் தவிர்க்க, ஸ்ட்ரோபுகளை நீண்ட கைகளில் பக்கவாட்டில் தள்ளி, முகப்பைச் சற்று வெளிப்புறமாகத் திருப்பி, ஒளிக்கற்றையின் ஓரம் மட்டும் பொருளைத் தொடுமாறு அமைக்கிறார்கள்.

காணொளிக்குத் தொடர்ந்து எரியும் விளக்குகள் தேவை. படத்துக்கு அவை ஸ்ட்ரோபின் ஒளிவீச்சுக்கு ஈடாவதில்லை. விளக்கே இல்லாமல் எடுப்போர், நீலக் கடலில் சிவப்பு வடிகட்டியும் பசுங்கடலில் மெஜந்தா வடிகட்டியும் பயன்படுத்தலாம். இருக்கும் நிறத்தைச் சமன்செய்வதே வடிகட்டியின் வேலை. முற்றிலும் போன நிறத்தை அது திருப்பித் தராது.

துணைக்கருவிகள்

உறையைத் தாங்கும் தட்டும் கைப்பிடிகளும், பந்துமூட்டுக் கைகளும், அவற்றை இணைக்கும் கிளாம்புகளும் அடிப்படைத் தேவைகள். அலுமினிய உறை நீருக்குள்ளும் கனக்கும். மிதவைக் கைகளைச் சேர்த்து எடையைச் சமன்செய்தால் மணிக்கட்டு வலிக்காது. முக்குளிப்பவரின் உடையில் மாட்டும் சுருள் கயிறு கேமராவைத் தொலைந்துபோகாமல் காக்கும். ஒளியை ஒரு புள்ளியில் குவிக்கும் ஸ்னூட், மேக்ரோவில் தேர்ந்தவர்களுக்கு உரியது. கண்ணாடியில் பனிபடராமலிருக்க, உறையைக் குளிரூட்டிய உலர்ந்த அறையில் மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே வைப்பார்கள்.

விமானப் பயணத்தில் லித்தியம் மின்கலங்களைக் கைப்பையில் வைக்க வேண்டும்; 100 வாட்-மணிக்கு மேற்பட்டவற்றுக்கு விமான நிறுவனத்தின் ஒப்புதல் தேவை.

ஓ-ரிங் பராமரிப்பு

கருவித் தொகுதி முழுவதையும் காப்பது ஓ-ரிங் எனும் மெல்லிய ரப்பர் வளையம். அதை உலோகக் கூர்முனையால் நெம்பாமல், விரல்களால் ஓரிடத்தில் நெருக்கிக் கிளப்பி எடுக்க வேண்டும். இரு விரல்களுக்கிடையே மெல்ல இழுத்துச் சுற்றினால் ஒட்டியுள்ள மணல்மணி நகத்தில் தட்டும். பள்ளத்தை நூலுதிராத துணியால் துடைத்து, உறை நிறுவனம் சொல்லும் கிரீஸை வளையம் மினுமினுக்கும் அளவுக்கு மட்டும் பூச வேண்டும். மிகுந்தால் தூசியை ஈர்க்கும். ஒரு தலைமுடி குறுக்கே கிடந்தாலே கடல் உள்ளே வந்துவிடும். முக்குளித்து வந்ததும் உறையை நன்னீரில் ஊறவிட்டு எல்லாப் பொத்தான்களையும் அழுத்திவிட வேண்டும். உப்பு காய்ந்து படிகமானால் பொத்தான்கள் இறுகும்.

இடத்துக்கேற்ற தேர்வு

இந்தோனேசியாவின் லெம்பே நீரிணையில் கரிய எரிமலை மணலில் கணவாய்களும் கடல் நத்தைகளும் வாழ்கின்றன. அங்கே மேக்ரோ லென்ஸும் ஒரு ஸ்ட்ரோபும் போதும். மாலத்தீவின் ஹனிஃபாரு விரிகுடாவில் மான்டா திருக்கைகள் கூடுமிடத்தில் ஸ்கூபாவுக்கு அனுமதியில்லை. மேற்பரப்பில் நீந்தி எடுக்க, ஸ்ட்ரோப் இல்லாத இலகுவான அகலக் கோண அமைப்பே உகந்தது. திருகோணமலையின் புறாத்தீவில் ஆழம் குறைந்த பவளப்பாறைகளுக்கு, காம்பாக்ட் கேமராவும் ஈர லென்ஸும் சிறந்த தொடக்கம். மட்டக்களப்புக் கடலில் 1942 ஏப்ரல் 9 அன்று மூழ்கடிக்கப்பட்ட பிரிட்டனின் ஹெர்மீஸ் விமானந்தாங்கிக் கப்பல் சுமார் 53 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லையான 40 மீட்டருக்கு அப்பாற்பட்ட அந்த இடம், தொழில்நுட்ப முக்குளிப்புப் பயிற்சி உள்ளவர்களுக்கே உரியது. 40 அல்லது 45 மீட்டர் எனக் குறிக்கப்பட்ட உறைகளை அங்கே கொண்டுபோகக்கூடாது.

வாங்கும் வரிசையும் பொறுப்பும்

பணம் செலவழிக்க வேண்டிய முதல் இடம் முக்குளிப்புப் பயிற்சி. கைகள் இரண்டும் கேமராவில் இருக்கும்போது, நுரையீரலின் மூச்சால் மட்டும் உடலை ஒரே மட்டத்தில் நிறுத்தத் தெரியாதவரின் துடுப்பு பவளத்தை உடைக்கும். பல்லாண்டுகள் வளர்ந்த கிளை ஒரு நொடியில் போய்விடும். இந்தியாவில் பவளங்களும் கடற்குதிரைகளும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்படுபவை. படத்துக்காக உயிர்களைத் தொடுவதும், இடம் மாற்றுவதும், குச்சியால் சீண்டுவதும் எங்கும் தவறே. காற்றின் அளவையும் ஆழத்தையும் கேமராத் திரையைவிட அடிக்கடி பார்க்கும் பழக்கம் உயிர் காக்கும்.

பயிற்சிக்குப் பிறகு, உறையுள்ள ஓர் எளிய கேமரா. அடுத்து ஒரு ஸ்ட்ரோப். அதன்பின் ஓர் ஈர லென்ஸ். விருப்பம் மேக்ரோவிலா அகலக் காட்சியிலா என்று தெளிந்த பிறகே பெரிய கேமரா. இந்த வரிசையில் போகிறவர் எதையும் வீணாக வாங்கமாட்டார். பெரிய கேமராவோடு 3 மீட்டர் தள்ளி நிற்பவரைவிட, சிறிய கேமராவோடு அரை மீட்டருக்குள் அமைதியாக மிதப்பவருக்கே நல்ல படம் கிடைக்கும்.